மணிக்கட்டில் ஒரு காது

எங்கள் லாவ்ஷி, அதாவது ஆசிரியர், ஒரு வகுப்பில் எத்தனை முறை ‘சோங்’ என்று சொல்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேர வகுப்பு. அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். தோளைத் தொட்டு ஒரு சோங். முழங்கையைத் தட்டி ஒரு சோங். எல்லோரும் சும்மா நின்றுகொண்டிருக்கும்போதும், தூணோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பொதுவாக எல்லோருக்குமாக ஒரு சோங்.

தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகுகிறவர்கள் முதலில் கற்கும் சொல் இது. கடைசியாகப் புரிவதும் இதுதான். ஆங்கிலத்தில் ‘ரிலாக்ஸ்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நானும் அதை நம்பி, முதல் இரண்டு வருஷம் உடம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டு நின்றேன். லாவ்ஷி தலையை ஆட்டுவார். “இது சோங் இல்லை தம்பி. இது வெந்த மீ நூடுல்ஸ்.” அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் தம்பி. மற்றதெல்லாம் கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கை.

ஒருநாள் தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்து, சிமெண்டுத் தரையில் அந்த எழுத்தைப் பழைய முறையில் எழுதிக் காட்டினார். மேல் பாதியைச் சுட்டி, தன் தலையைத் தொட்டார். நீண்ட தலைமுடி. கீழ்ப் பாதி பைன் மரம், அது ஓசைக்காக வருவது. அப்புறம் எழுந்து நின்று, பின்னந்தலையிலிருந்து கொண்டை ஊசி ஒன்றை உருவுகிற மாதிரி கையை இழுத்தார். இரண்டு கைகளையும் தோள் வழியே மெல்லக் கீழே விட்டார். அவ்வளவுதான் பாடம். அதற்குள் தரையில் எழுத்து காய்ந்துவிட்டது.

எனக்கு ஊரில் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் திண்ணையில் கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. அவிழ்த்த கூந்தல் அறுந்து விழுவதில்லை. வேர் பிடித்திருக்கிறது. உச்சியிலிருந்து தொங்குகிறது. ஒவ்வொரு இழையும் தன் எடையில் தானே இறங்கி நேராகிறது. முடிச்சு மட்டும்தான் போயிற்று. ‘தளர்ச்சி’ என்ற நம் சொல்லில் ஒரு சோர்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் சோர்வு கிடையாது. அவிழ்தல் என்று சொன்னால் கிட்டே வருகிறது.

யாங் பாணித் தாய்ச்சியின் பெரிய ஆசான் யாங் செங்ஃபு (1883–1936) தன் மாணவர்களிடம் இதையேதான் ஓயாமல் சொல்லியிருக்கிறார். அவரிடம் படித்த செங் மான்ச்சிங் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் ‘சோங், சோங்’ என்பாராம், அவிழவில்லை என்றால் நீ அடி வாங்குவதற்கென்று நிறுத்திய சட்டம் மட்டும்தான் என்பாராம். செங் மான்ச்சிங் 1949இல் தைவானுக்குப் போனார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ஃபூஜியன் மாநிலத்தில் 1910இல் பிறந்த ஹுவாங் சிங்சியன். வெள்ளைக் கொக்கு என்ற இன்னொரு சண்டைக்கலைப் பாணியில் ஏற்கெனவே பெரிய ஆள். தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1950களில் இந்தப் பக்கம் வந்து சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல பத்தாண்டுகள் கற்றுக்கொடுத்தார். உடம்பை அவிழ்ப்பதற்கென்றே ஐந்து பயிற்சிகளை அமைத்தார். அவருடைய மாணவர் ஒருவரிடம் படித்தவர் எங்கள் லாவ்ஷி. ஆக, நான் எண்ணிப் பார்த்த அந்த அறுபது சோங்கும் கைமாறி வந்தவைதான்.

நான் இதற்குள் வந்தது 2013இல். கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் லிஃப்டிங் சூப்பர்வைசர் வேலை. முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, முதலில் வேறொரு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே எவ்வளவு தாழ உட்கார்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரையும் இறக்கினார்கள். தாழ நின்றபடியே உடம்பைத் திருப்பும்போது எது திரும்ப வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் என் இடது முழங்கால் வீங்கிக்கொண்டது. இதைச் சொல்லக் காரணம், இப்போதும் பலருக்கு இது நடக்கிறது. திரும்ப வேண்டியது தொடையும் இடுப்பும் மடிகிற இடம், சீனத்தில் அதற்குக் குவா என்று பெயர். குவா இறுகியிருந்தால் அந்தத் திருப்பத்தை முழங்கால் வாங்கிக்கொள்ளும். முழங்கால் மடிவதற்கு இருக்கிற மூட்டு, முறுக்குவதற்கு இல்லை. கால்விரல் பார்க்கிற திசையிலேயே முழங்காலும் பார்க்க வேண்டும். எந்த வகுப்பிலும் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாத இடத்தில் சேராதீர்கள்.

சரி. நொண்டிக்கொண்டு திரிந்த அந்த நாட்களில்தான் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் வயதானவர்கள், இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று கைகளை ஒட்டவைத்து வட்டம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சத்தமே இல்லை. திடீரென்று ஒருவர் இரண்டடி பின்னால் போவார், சிரிப்பார், திரும்ப வந்து கையை ஒட்டுவார். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கை காட்டிக் கூப்பிட்டார்.

வலது கையை நீட்டச் சொன்னார். என் மணிக்கட்டின் வெளிப்புறத்தில் அவருடைய மணிக்கட்டின் வெளிப்புறம் வந்து பட்டது. பட்டது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். தோல் சூடு தெரிந்தது, எடை தெரியவில்லை. ‘தள்ளு’ என்று சைகை செய்தார். எனக்கு அப்போது 37 வயது, 80 கிலோ. அவருக்கு அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது, என் தோள் உயரம். மரியாதைக்கு மெல்லத் தள்ளினேன். அவர் கை என் கையோடேயே வந்தது, பக்கவாட்டில் கொஞ்சம் உருண்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் முட்டுகிற கதவு வெறுமனே சாத்தியிருந்தால் எப்படி இருக்கும்? அப்படிப் போனேன். விழப்போன என் முழங்கையை அவருடைய மற்றக் கை முன்கூட்டியே வந்து தாங்கியது. நான் எங்கே விழப்போகிறேன் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளத்தான் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பயிற்சிக்குத் துய்ஷோவ் என்று பெயர், தள்ளுகிற கை. இதில் வளர்க்கிற திறமைக்குச் சீனர்கள் வைத்த பெயர் திங் ஜின். திங் என்றால் கேட்பது, காதால் கேட்கிற அதே கேட்டல். தோலால் கேட்கிறார்கள். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது, எந்த மூட்டு இறுகியிருக்கிறது, தள்ளப் போகிறானா இழுக்கப் போகிறானா, எல்லாம் ஒட்டியிருக்கும் அந்த ஓர் அங்குலத் தோல் வழியாக வந்து சேர வேண்டும். கேட்பதற்கு நிபந்தனை ஒன்றுதான்: உன் பக்கம் சத்தம் இருக்கக் கூடாது. நீ தசையை இறுக்கினால் உன் இறுக்கம் மட்டும்தான் உனக்குக் கேட்கும். சோங் எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். அழகுக்கு இல்லை, மன அமைதிக்கும் இல்லை. அமைதி வந்தால் சந்தோஷம். ஆனால் வேலை என்னவோ கேட்பது.

வாங் சோங்யுவே என்பவரின் பெயரில் வழங்குகிற சிறிய பழைய உரை ஒன்று உண்டு. நாலைந்து நிமிஷத்தில் படித்துவிடலாம். ஓர் இறகைக்கூடக் கூடுதலாக வைக்க முடியாது, ஓர் ஈகூட வந்து உட்கார முடியாது என்று அதில் வரும். தோல் அவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டுமாம். அந்த உரையின் பிரதி, ஹெனான் மாநிலத்தின் வூயாங் என்ற ஊரில், 1850களின் தொடக்கத்தில், ஓர் உப்புக் கடையில் கிடைத்ததாகச் சொல்வார்கள். கண்டெடுத்தவர் அங்கே அதிகாரியாக இருந்தவர். அவருடைய தம்பி வூ யூசியாங் அதைப் பெற்று, தன் சகோதரியின் மகன் லீ யீயூவுக்குக் கொடுத்தார். இன்று உலகம் முழுக்க தாய்ச்சிக்காரர்கள் வேதம் போல் மேற்கோள் காட்டும் வரிகள் உப்பு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்தவை என்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறையும்.

நான்கு லியாங்கால் ஆயிரம் காட்டியைத் திருப்புவது என்பது இன்னொரு பழைய வாய்ப்பாட்டில் வரும் வரி. லியாங், காட்டி இரண்டும் எடை அளவுகள். சிங்கப்பூர் ஈரச்சந்தையில் காட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏறத்தாழ 600 கிராம். ஒரு காட்டிக்குப் பதினாறு லியாங். அப்படியானால் 150 கிராமால் 600 கிலோவைத் திருப்புவதாகக் கணக்கு. இதைக் கேட்டதும் பலர் மாயம் மந்திரம் என்று போய்விடுகிறார்கள். நான் போகவில்லை. என் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன்.

கிரேனில் பத்து டன் இரும்புத் தகடு தொங்குகிறது என்று வையுங்கள். அதைத் தரையில் வைத்து இருபது பேர் தள்ளினாலும் நகராது. தூக்கிவிட்டால், ஓரத்தில் கட்டிய டேக் லைன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே ஆள் அதைத் திருப்புவான். எடை குறைந்துவிடவில்லை. தரையோடு இருந்த பிடிப்புத்தான் போயிற்று. அதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் சரக்கு ஆட ஆரம்பிக்கும், அப்புறம் நிறுத்த முடியாது. தொய்யவிட்டால் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. தொய்வும் இல்லாமல் இழுவையும் இல்லாமல் பிடித்திருந்தால், மேலே காற்று மாறுவது கயிறு வழியாகக் கைக்கு வந்துவிடும். புதிதாக வருகிற பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

தாய்ச்சியில் எதிராளியைத் தூக்க வேண்டியதில்லை, அவனே வேரைப் பிடுங்கிக்கொள்வான். தள்ளுகிறவன் தன் எடையைத் தள்ளுகிற இடத்தில் சாய்க்கிறான். அந்த இடம் காணாமல் போனால் கணநேரம் தொங்குகிறான். 150 கிராம் வேலை செய்வது அந்தக் கணத்தில்தான். அந்தக் கணத்தைத் தெரிந்துகொள்ளாமல் வரியை மட்டும் ஒப்பிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

துய்ஷோவில் செய்யக்கூடாத பிழைகளாக நான்கைச் சொல்வார்கள். முட்டிக்கொள்வது, நசுங்கிப்போவது, விட்டுப்போவது, எதிர்த்து நிற்பது. பலசாலிகள் முட்டுவார்கள், பயந்தவர்கள் நசுங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு நாலுமே இருந்தது. மூன்றாம் வருஷம் வரை என் பெரிய பிழை விட்டுப்போவது. எதிராளி வேகமாகத் திரும்பினால் என் கை அவர் கையைவிட்டு ஒரு நூலிழை விலகிவிடும். அந்த இடைவெளியில் லாவ்ஷி உள்ளே வந்துவிடுவார். “ஃபோன் கட்” என்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டதாம்.

சரித்திரத்துக்கு வருகிறேன். தாய்ச்சி பற்றித் தமிழில் பேசினால் உடனே வருகிற கேள்வி ஒன்று உண்டு: ‘போதிதர்மர் இங்கிருந்து கொண்டுபோனதுதானே?’ இல்லை. போதிதர்மரை ஷாவோலின் மடத்து உடற்பயிற்சியோடு இணைக்கும் ஏடு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தன்னைவிடப் பல நூறு வருஷம் பழைய தேதியைத் தன் முன்னுரையில் போட்டுக்கொண்டது. அதில் தமிழர்கள் ஆவலாகப் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. மேலும் தாய்ச்சி தன்னைச் சேர்த்துச் சொல்லிக்கொள்கிற ‘நெய்ஜியா’ என்ற பெயரே ஷாவோலினுக்கு எதிராக எழுந்த பெயர். நெய் என்றால் அகம், ஜியா என்றால் வீடு, குடும்பம். அகம் புறம் என்றால் நமக்கு வேறு ஞாபகம் வரும். அங்கே அந்தப் பிரிவு முதலில் எழுத்தில் வருவது 1669இல், ஹுவாங் சோங்சி என்ற அறிஞர் ஒரு குத்துச்சண்டை வீரருக்கு எழுதிய கல்லறை வாசகத்தில். ஷாவோலின் புறம், சாங் சான்ஃபெங் என்ற தாவோயிஸ்ட் துறவியிடமிருந்து வந்தது அகம் என்று அதில் எழுதினார். ஹுவாங் சோங்சி மிங் அரசுக்கு விசுவாசமானவர், அதன் இடத்தில் வெளியிலிருந்து வந்து ஆட்சியைப் பிடித்த மஞ்சூரியர்களை எதிர்த்தவர். வெளியிலிருந்து வந்தது புறம், மண்ணில் முளைத்தது அகம் என்பதில் ஆட்சியைப் பற்றிய பேச்சும் மறைந்திருப்பதாக வரலாற்றாசிரியர்கள் சிலர் படிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தாய்ச்சியையும், சிங்யீ, பாகுவா என்ற வேறு இரண்டு சண்டைக்கலைகளையும் ஒரே குடும்பமாகப் பார்க்கும் வழக்கம் அதற்கு வெகு காலம் பின்னால் வந்தது. மூன்றிலும் கைதேர்ந்த சுன் லூதாங் 1910களில் எழுதத் தொடங்கிய பிறகு அது நன்றாக வேரூன்றியது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே அவிழ்த்துவிடலாம். தாய்ச்சி என்ற பெயரின் கடைசியில் வருவது மூச்சையும் உயிர்ச்சக்தியையும் குறிக்கும் ‘ச்சீ’ இல்லை. அது வேறு எழுத்து, வேறு சொல். உச்சம், எல்லை என்று பொருள். முழுப் பெயர் தாய்ஜிசுவான். சுவான் என்றால் முஷ்டி. பெயரிலேயே முஷ்டி இருக்கிற ஒன்றைப் பூங்காவில் ஆடுகிற நடனமாக மட்டும் பார்ப்பது அதற்குச் செய்கிற அநியாயம்.

சாங் சான்ஃபெங், பாம்பும் பறவையும் சண்டை போடுவதைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார் என்பது அழகான கதை. கதையாகவே இருக்கட்டும். 1930களில் தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் ஹெனானில் வென் மாவட்டத்தில் இருக்கும் சென்ஜியாகோ கிராமத்துக்கே போய் விசாரித்தார். மஞ்சள் ஆற்றுக்குப் பக்கத்து ஊர். சென் குடும்பத்தின் ஒன்பதாவது தலைமுறைக்காரரான சென் வாங்திங், 17ஆம் நூற்றாண்டில் மிங் அரசு சாய்ந்தபோது ஊரோடு ஒதுங்கிய போர்வீரர், இதை உருவாக்கினார் என்று முடிவுக்கு வந்தார். அதையும் எல்லோரும் ஏற்பதில்லை. ஆனால் தாங் ஹாவ் கவனித்த ஒன்று எனக்குப் பிடிக்கும். 16ஆம் நூற்றாண்டுத் தளபதி சீ ஜிகுவாங் தன் படைவீரர்களுக்குத் தொகுத்த 32 குத்து நிலைகளில் பலவற்றின் பெயர்கள் சென் குடும்பத்து ஆட்டத்தில் அப்படியே இருக்கின்றன. சீ ஜிகுவாங்கின் தொகுப்பில் முதல் நிலையின் பெயர் லான்சாயீ: சாவகாசமாக அங்கியின் நுனியைச் செருகிக்கொள்வது. சண்டைக்கு முன் வேட்டியை மடித்துக் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். யாங் பாணியில் அதே இடத்தில் வருவது லான்ச்சுவேவெய், குருவியின் வாலைப் பிடிப்பது. ஒன்று வாய்மொழியாகப் போனபோது மற்றொன்றாக மாறியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இருநூறு வருஷமாக நாங்கள் பிடிக்கிற குருவி, ஒருவேளை காதில் தவறாக விழுந்த ஓர் அங்கி நுனி!

அந்த வாய்மொழிப் பயணத்தைச் செய்தவர் யாங் லூசான் (1799–1872). ஹெபெய் மாநிலத்து யோங்நியன்காரர், வசதியில்லாத குடும்பம். சென்ஜியாகோவுக்குப் போய் சென் சாங்சிங்கிடம் வேலைக்காரனாக இருந்து, இரவில் சுவர் இடுக்கு வழியே பார்த்துக் கற்றார் என்று கதை சொல்வார்கள். ஏகலைவன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் முடிவு வேறு: பிடிபட்டபோது குரு கட்டை விரலைக் கேட்கவில்லை, உள்ளே கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தார். சென் சாங்சிங் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஊரார் அவருக்கு வைத்த பெயர் ‘மூதாதையர் பலகை’. வீட்டுப் பூஜை மாடத்தில் முன்னோர் பெயர் எழுதி நிறுத்துகிற பலகை. அவ்வளவு நேர். பிற்பாடு யாங் லூசான் பெய்ஜிங் போய் மஞ்சூரியப் பிரபுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார், ‘தோல்வி காணாத யாங்’ என்று பெயர் வாங்கினார். அவர் உள்ளங்கையில் வைத்த குருவியால் பறக்க முடியாது என்பார்கள். பறவை எழும்புவதற்குக் காலால் உந்த வேண்டும். உந்துகிற கணத்தில் உள்ளங்கை இறங்கிக்கொடுத்துவிடுமாம். நடந்ததோ இல்லையோ, இதைவிடச் சரியாகத் திங் ஜின்னை விளக்க ஒருவராலும் முடியாது.

பேரன் யாங் செங்ஃபு காலத்தில்தான் ஆட்டம் நாம் இன்று பார்க்கும் உருவத்துக்கு வந்தது. குதிப்பதும் காலை ஓங்கி மிதிப்பதும் போயின, வேகம் ஒரே சீராக ஆனது. சென்ஜியாகோ ஆட்டத்தில் இன்றும் அவையெல்லாம் உண்டு: பட்டு நூல் இழுப்பது மாதிரி மெல்லச் சுற்றிக்கொண்டே வந்து சடாரென்று ஓர் அடி. 1956இல் சீன அரசு 24 அசைவுகளாகச் சுருக்கிய வடிவம் நாடு முழுக்கப் பரவியது. 2020இல் தாய்ச்சி யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது. உடல்நலத்துக்கு நல்லதா என்றால், நல்லதுதான். பார்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில் தாய்ச்சி பழகியவர்களின் நிலைதடுமாற்றம் குறைந்தது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு மனசில் உறுத்துகிறது வேறு. பரவப் பரவ, ஜோடி சேர்ந்து பழகுவது உதிர்ந்துகொண்டே வந்தது. தனியாக ஆடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், கையோடு கை ஒட்டிப் பார்த்தவர்கள் சொற்பம். ஒட்டிப் பார்க்காதவர்களுக்குத் தன் தப்பு தெரிய வழியே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் தொடாமலேயே ஆளைத் தூக்கி எறிவதாகக் காட்டுகிறவர்கள் கடை போட்டார்கள். 2017 ஏப்ரலில் செங்டு நகரில் கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்தோங் ஒரு தாய்ச்சி ஆசிரியரை அரை நிமிஷத்துக்குள் வீழ்த்திய வீடியோ வெளியானபோது சீனாவே கொதித்தது. எங்கள் வகுப்பிலும் சிலருக்குக் கோபம். லாவ்ஷி வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, தோற்றவரின் தோளை மட்டும் விரலால் காட்டினார். இறுகியிருந்தது.

அதைவிடப் பழைய படச்சுருள் ஒன்று உண்டு. 1954 ஜனவரி 17, மக்காவ். ஹாங்காங்கில் முந்தைய மாதம் நடந்த பெரும் தீவிபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டுவதற்காக மேடை போட்டு நடத்திய போட்டி. வூ பாணித் தாய்ச்சியின் தலைவர் வூ கோங்யீ, ஐம்பதைத் தாண்டியவர். எதிரே வெள்ளைக் கொக்குப் பாணியின் சென் கேஃபூ, வயதில் நன்றாக இளையவர். வூ கோங்யீயின் அடியில் சென் கேஃபூவின் மூக்கில் ரத்தம். இவருக்கும் அடி விழுந்தது. இரண்டாம் சுற்றிலேயே நடுவர்கள் நிறுத்தி, வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை என்றார்கள். அந்தப் பரபரப்பில் மூன்றே நாளில் ஹாங்காங் மாலைப் பத்திரிகை ஒன்று வீரசாகசத் தொடர்கதை தொடங்க, அங்கிருந்து புதிய வூஷியா நாவல் அலையே கிளம்பியது. கதைகளில் ஆட்கள் கூரைமேல் பறந்தார்கள். படச்சுருளில் இருப்பது தடுமாறி மூச்சு வாங்கிக்கொண்டு கையை வீசுகிற இரண்டு மனிதர்கள். பார்க்க அழகாக இல்லைதான். ஆனாலும் எனக்கு வூ கோங்யீமேல் பெரிய மரியாதை. அந்த வயதில், ஒரு பாணியின் மொத்தப் பெயரையும் தோளில் சுமந்துகொண்டு, எல்லோரும் பார்க்க மேடையேறிச் சோதித்துப் பார்த்தார். எங்கள் வழியிலும் 1970இல் ஹுவாங் சிங்சியன், அறுபது வயதில், மலேசியாவின் கூச்சிங்கில் மல்யுத்த வீரர் ஒருவரோடு மேடையேறி 26 முறை அவரை வீழ்த்தினார், தான் ஒருமுறையும் விழவில்லை. அவரும் சோதனைக்குத் தயாராக இருந்தவர்.

லாவ்ஷிக்கு இப்போது எழுபத்தெட்டு. போன வருஷத்திலிருந்து நாற்காலியில் உட்கார்கிற நேரம் கூடிவிட்டது. கேட்டால் ஒன்றும் இல்லை என்பார். சீனப் புத்தாண்டு முடிந்து வகுப்பு திரும்பத் தொடங்கிய அன்று என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். வழக்கம்போல் ஒட்டினோம். சுற்றினோம். பன்னிரண்டு வருஷத்தில் அவரை நான் ஒருமுறைகூட நகர்த்தியதில்லை.

ஐந்தாறு சுற்றுக்கப்புறம் எனக்கு அது கேட்டது. எடை இடது காலுக்குப் போகும்போது, வழியில் எங்கோ ஒரு சின்ன தயக்கம். மணிக்கட்டில் மயிரிழை அளவு ஒரு தட்டு. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில். இடது முழங்கால். அதன்மேல் முழு எடையையும் விட அவர் உடம்புக்கு மனசில்லை. அங்கே, அந்தக் கணத்தில், அவர் தொங்குகிறார். வாசல் திறந்திருந்தது.

நான் உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தேன், அந்த இடம் வரும்போதெல்லாம் கையை இன்னும் லேசாக்கிக்கொண்டு.

லாவ்ஷி நின்றுவிட்டார். கை மட்டும் ஒட்டியே இருந்தது.

“கேட்டாய்” என்றார்.

“கேட்டது, லாவ்ஷி. முழங்கால்.”

“கேட்டாய். ஏன் தள்ளவில்லை?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் குரல் உயர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கோபித்துக்கொண்டது அன்றுதான். “நீ கேட்டுவிட்டுப் பொய் சொன்னால் நான் எப்படித் திருத்திக்கொள்வது?” மலாயிலும் ஆங்கிலத்திலுமாக, இரண்டு முறை சொன்னார், எனக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்தபடி.

மறுபடி சுற்றினோம். நாலாவது சுற்றில் அந்தத் தட்டு வந்தது. கையை அங்கே வைத்தேன், நூற்றைம்பது கிராம் இருக்கும். அவர் இடது கால் ஓர் அடி பின்னால் போய் ஊன்றியது. சுற்றி நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். லாவ்ஷி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். முழங்காலைத் தொட்டு, குவாவைத் தொட்டு, எதையோ சரிசெய்துகொண்டார். அப்புறம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி முன்னால் வந்து கையை நீட்டினார்.

“மறுபடி, தம்பி.”